ராமநாதபுரம் மாவட்டத்தின் மழையும் வெயிலும் காற்றும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பணி மாற்றத்தில் ராமநாதபுரம் மாவட்டத்துக்கு வருபவர்கள், நிலம் வாங்கிப் பயிர் வைக்க எண்ணுபவர்கள், ராமேஸ்வரத்துக்குப் பயணம் திட்டமிடுபவர்கள், ஊரை விட்டுச் சென்றபின் ஊர் மழையைத் தொலைவிலிருந்து விசாரிப்பவர்கள் ஆகியோர் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கான விடைகள் இங்கே தொகுக்கப்பட்டுள்ளன. 1985இல் மூன்றாகப் பிரிக்கப்பட்ட பழைய மாவட்டத்தைப் பற்றியதல்ல இப்பக்கம். திருவாடானை முதல் கடலாடி வரை, பரமக்குடி முதல் தனுஷ்கோடி வரை உள்ள இன்றைய மாவட்டத்தைப் பற்றியது.

ராமநாதபுரம் உண்மையிலேயே மழை குறைந்த மாவட்டமா?

அரசு ஊழியரைத் தண்டிக்க வேண்டுமானால் "தண்ணியில்லாக் காட்டுக்கு" மாற்றிவிடுவார்கள் என்ற பேச்சு நெடுங்காலமாக இருக்கிறது. அந்தக் காடு எது என்று எவரும் விளக்கிச் சொல்லத் தேவையிருந்ததில்லை. ஆனால் மழைக் கணக்கு வேறொன்றைச் சொல்கிறது. இம்மாவட்டத்தின் சராசரி ஆண்டு மழையளவு ஏறத்தாழ 827 மில்லிமீட்டர். தமிழ்நாட்டின் சராசரியான 920 மில்லிமீட்டர் அளவைவிட இது குறைவுதான் என்றாலும், கோயம்புத்தூர், திருப்பூர் சமவெளிகள் பெறும் மழையைவிட அதிகம். அந்த ஊர்களை எவரும் தண்ணீரில்லாக் காடு என்று அழைப்பதில்லை.

குறை மழையின் மொத்த அளவில் இல்லை, அது வந்து சேரும் விதத்தில் இருக்கிறது. ஆண்டு மழையில் ஐந்தில் மூன்று பங்கு அக்டோபர், நவம்பர், டிசம்பர் ஆகிய மூன்று மாதங்களுக்குள் பெய்து முடிந்துவிடுகிறது. அதிலும் பெரும்பகுதி சில நாள்களில் கொட்டித் தீர்க்கிறது. நிலமோ ஏறக்குறைய தட்டையானது. மலை இல்லாததால் வற்றாத ஆறும் இல்லை. அணை கட்டித் தேக்கத் தக்க பள்ளத்தாக்கும் இல்லை. மீதி ஒன்பது மாதங்களில் வெயிலும் காற்றும் ஆவியாக்கக்கூடிய நீர், ஆண்டு முழுவதும் பெய்யும் மழையைவிட மிக அதிகம். ஆகவே இம்மாவட்டத்தின் வானிலையைப் பற்றிய எந்தக் கேள்வியும், எவ்வளவு பெய்தது என்பதோடு, எப்போது பெய்தது, பெய்ததில் எவ்வளவு நின்றது என்ற இரண்டையும் சேர்த்தே கேட்கப்பட வேண்டும்.

ஓராண்டில் பருவங்கள் எவ்வாறு அமைகின்றன?

வானிலைத் துறை ஆண்டை நான்காகப் பிரிக்கிறது. ஜனவரி, பிப்ரவரி பனிக்காலம். அப்போது 65 மில்லிமீட்டர் அளவில் மழை கிடைக்கும். மார்ச் முதல் மே வரை கோடை. இடியோடு கூடிய கோடை மழை 120 மில்லிமீட்டருக்குச் சற்று மேலே வரும். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவம். ஏறத்தாழ 135 மில்லிமீட்டர், அதுவும் பெரும்பாலும் ஆகஸ்ட், செப்டம்பர் மாத மாலைகளில். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவம். அந்த மூன்று மாதங்களில் மட்டும் ஏறத்தாழ 500 மில்லிமீட்டர்.

இவை பல ஆண்டுகளின் சராசரி என்பதை நினைவில் கொள்ள வேண்டும். எந்த ஒரு தனி ஆண்டும் இந்த அளவில் அப்படியே பெய்து போவது அரிது.

கேரளத்தில் கொட்டும் தென்மேற்குப் பருவமழை இங்கே ஏன் எட்டுவதில்லை?

அரபிக் கடலிலிருந்து ஈரத்தைச் சுமந்து வரும் காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏறும்போது குளிர்ந்து, கேரளத்தில் நான்கு மாதங்களில் ஏறத்தாழ 2,000 மில்லிமீட்டர் மழையை இறக்கிவிடுகிறது. மலையைத் தாண்டிக் கிழக்கே இறங்கும்போது அதே காற்று அழுத்தப்பட்டுச் சூடேறி, ஈரப்பதம் குறைந்து வறண்ட காற்றாக மாறுகிறது. செங்கோட்டை, பாலக்காடு கணவாய்களின் வழியே விரைந்து வரும் அந்தக் காற்றுதான் ஆனி, ஆடி மாதங்களில் முதுகுளத்தூர், கமுதிப் பக்கத்துக் கரிசல் மண்ணைப் புழுதியாக எழுப்புகிறது. குற்றாலத்தில் சாரல் என்று செய்தி வரும் அதே நாளில் கடலாடியில் கண் திறக்க முடியாத அளவுக்குத் தூசி பறப்பதில் முரண் ஏதுமில்லை. இரண்டும் ஒரே காற்றின் வேலை.

ஆவணியிலும் புரட்டாசியிலும் இந்த மேற்குக் காற்றின் வேகம் குறையும்போது, பிற்பகலில் எழும் கடற்காற்று உள்நாட்டில் சிறிது தூரம் சென்று அதனுடன் மோதுகிறது. அவை மோதும் இடத்தில் மேகம் திரண்டு, இடி மின்னலுடன் ஒரு மணி நேரம் மழை பெய்யும். ஓர் ஊரில் பெய்து அடுத்த ஊரில் தூறல்கூட விழாதது இந்த மழையின் இயல்பு.

வடகிழக்குப் பருவமழை இங்கே நாகப்பட்டினத்தைவிடக் குறைவாகப் பெய்வது ஏன்?

தென்மேற்குப் பருவம் விலகியபின், பொதுவாக அக்டோபர் 20 வாக்கில் வடகிழக்குப் பருவம் தமிழகக் கரையில் தொடங்குகிறது. ஐப்பசியில் அடைமழை, கார்த்திகையில் கனமழை என்ற சொல்வழக்கு இதையே குறிக்கிறது. வங்கக் கடலின் நீண்ட பரப்பைக் கடந்து வரும் ஈரக்காற்று நாகைக் கரையில் நேரடியாக வந்து மோதுவதால், அங்கே ஆண்டு மழை 1,300 மில்லிமீட்டர் அளவுக்கு உயர்கிறது. ராமநாதபுரம் கரைக்கு அந்த நேரடி வழி திறந்திருக்கவில்லை. வடகிழக்கே கோடியக்கரையும் யாழ்ப்பாணமும், கிழக்கிலும் தென்கிழக்கிலும் இலங்கையின் பெருநிலமும் குறுக்கே நிற்கின்றன. இடையில் உள்ள பாக் நீரிணை அகலமும் ஆழமும் குறைந்த கடல். வங்கக் கடலில் உருவாகும் தாழ்வு மண்டலங்கள் வடக்கே திரும்பினால் மழை சென்னைக்கும் கடலூருக்கும் போகிறது. மேற்கே நேராக வந்தால் இலங்கையின் நிலத்தில் ஏறி வலுவிழக்கின்றன. இலங்கைக்குத் தெற்கே சுற்றி மன்னார் வளைகுடாவுக்குள் வருபவையும், கிழக்கிலிருந்து அலை அலையாக வரும் காற்றுச் சுழற்சிகளுமே இங்கே நல்ல மழையைத் தருகின்றன.

எனவே தொலைக்காட்சியில் "வங்கக் கடலில் புதிய காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி" என்று கேட்டவுடன் இங்குள்ள விவசாயி மகிழ்ந்துவிடுவதில்லை. அது எந்தப் பக்கம் போகிறது என்றுதான் அடுத்துக் கேட்பார். 2020 டிசம்பர் தொடக்கத்தில் புரெவி புயல் இலங்கையைக் கடந்து, ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலமாக வலுவிழந்து, ராமநாதபுரத்தை ஒட்டிய மன்னார் வளைகுடாவில் பல மணி நேரம் நகராமல் நின்றது. ஆனால் அந்த நாள்களின் பெருமழை கொள்ளிடத்திலும் சிதம்பரத்திலும்தான் பெய்தது; அங்கே ஒரே நாளில் 30 சென்டிமீட்டரைத் தாண்டியது. சுழற்சியின் மையம் அருகில் இருப்பதும் மழை அருகில் இருப்பதும் ஒன்றல்ல.

மாவட்டம் முழுவதும் ஒரே அளவில் மழை பெய்யுமா?

பெய்யாது. 2024 நவம்பர் 20 அன்று ராமேஸ்வரம் தீவின் மேல் நின்ற மேகக் கூட்டம் ராமேஸ்வரத்தில் ஒரு நாளுக்குள் 40 சென்டிமீட்டருக்கும் அதிகமான மழையைக் கொட்டியது. அது மாவட்டத்தின் ஆண்டுச் சராசரியில் ஏறக்குறைய பாதி. தங்கச்சிமடத்திலும் பாம்பனிலும் மண்டபத்திலும்கூட அளவு மிக அதிகமாக இருந்தது. ஆனால் மேற்கே உள்நாட்டுக் கண்மாய்களை அந்த மழை நிரப்பவில்லை. தீவில் விழுந்த மழை மணலிலும் கடலிலும் போய்ச் சேர்ந்தது. மாவட்டச் சராசரியாக வெளியாகும் எண்ணை மட்டும் பார்த்து "இந்த ஆண்டு நல்ல மழை" என்று முடிவு கட்டுவது, மழை பெறாத ஒன்றியங்களுக்கு அநீதியாக முடியும். வறட்சி நிவாரணமும் பயிர்க் காப்பீடும் கணக்கிடப்படும்போது இந்த வேறுபாடு ஒரு குடும்பத்தின் ஓராண்டு உணவைத் தீர்மானிக்கிறது.

கோடை எவ்வளவு கடுமையாக இருக்கும்?

இருக்கும் இடத்தைப் பொறுத்தது. பாம்பன், ராமேஸ்வரம், தொண்டி போன்ற கடலோர ஊர்களில் பகல் வெப்பம் மே மாதத்தில்கூடப் பெரும்பாலும் 35 டிகிரி செல்சியசை ஒட்டியே நிற்கும். ஆனால் இரவிலும் வெப்பம் தணியாது, காற்றில் ஈரம் மிகுந்திருப்பதால் வியர்வை உலராது. பரமக்குடி, கமுதி, முதுகுளத்தூர்ப் பக்கம் பகலில் 38, 39 டிகிரி என்று ஏறி, சில நாள்களில் 40ஐத் தொடும். காற்று வறண்டிருப்பதால் நிழலில் ஒதுங்கினால் சிறிது ஆறுதல் கிடைக்கும். வெப்பமானியின் எண் குறைவாக இருக்கிறது என்று கடலோரத்தில் நண்பகலில் வேலை செய்வது ஆபத்தானது. சமவெளியில் 40 டிகிரியை எட்டிய பிறகே வெப்ப அலையைக் கணக்கில் கொள்ளும் வானிலைத் துறை, கடலோரத்துக்கு 37 டிகிரியையே வரம்பாக வைத்து, அது இயல்பைவிட 4.5 டிகிரி கூடியிருக்கிறதா என்று பார்ப்பதற்கும் இதுவே காரணம்.

இந்த வெயிலை நம்பியே வாழும் தொழில்களும் உண்டு. வாலிநோக்கம் உப்பளங்களில் தமிழ்நாடு உப்புக் கழகம் உப்பு விளைவிப்பது மழை ஓய்ந்த மாதங்களில்தான். சாயல்குடிப் பக்கத்துப் பனைகளில் பதநீர் இறக்கிக் கருப்பட்டி காய்ச்சுவதும் கோடையில்தான். கமுதி அருகே 2016இல் இயங்கத் தொடங்கிய 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் இங்கே இடம் பிடித்ததும் மேகமற்ற வானத்தால்தான்.

குளிர் உண்டா?

போர்வை தேவைப்படும் அளவுக்கு மட்டும். மார்கழி, தை மாதங்களின் அதிகாலையில் உள்நாட்டில் 20 டிகிரியை ஒட்டி இறங்கும். கடலோரத்தில் அதுவும் இல்லை. தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள். அந்தப் பனிதான் ஈரம் குறைந்த கரிசலில் கொத்தமல்லியையும் கொண்டைக் கடலையையும் தாங்கி நிறுத்துகிறது என்பது கரிசல் விவசாயிகளின் நம்பிக்கை.

ஒரே தீவின் ஒரு பக்கம் கடல் சீறும்போது மறுபக்கம் அமைதியாக இருப்பது எப்படி?

ராமேஸ்வரம் தீவுக்கு வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. ஏறத்தாழ சித்திரை தொடங்கிப் புரட்டாசி வரை தெற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் காற்று வீசுவதால், ஆழமான தென்கடல் பொங்கியிருக்கும். தீவின் மறைவில் வடகடல் குளம்போலக் கிடக்கும். ஐப்பசிக்குப் பின் வாடைக்காற்று வீசத் தொடங்கியதும் நிலை தலைகீழாகிறது: வடகடல் கொந்தளிக்க, தென்கடல் அடங்குகிறது. மீனவர்கள் மேற்குக் காற்றைக் கச்சான் என்றும், கிழக்குக் காற்றைக் கொண்டல் என்றும், வடக்குக் காற்றை வாடை என்றும் பிரித்து அறிந்து, எந்தக் கரையில் வள்ளத்தை நிறுத்துவது, எந்த வலையை எடுப்பது என்று முடிவு செய்கிறார்கள். தனுஷ்கோடியில் பெண்கடல், ஆண்கடல் என்று வழங்கும் பெயர்களும் இந்த அமைதியையும் சீற்றத்தையும் ஒட்டியவையே. அரிச்சல்முனை மணல்திட்டின் வடிவம் பருவத்துக்குப் பருவம் மாறுவதும் இதே காற்றால்தான்.

1914 முதல் இயங்கிய பழைய பாம்பன் ரயில் பாலத்தில், காற்றின் வேகம் மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் ரயிலை நிறுத்திவிடும் விதி இருந்தது. பல வெளியூர்ப் பயணிகள் மண்டபத்தில் காத்திருந்து இம்மாவட்டத்தின் காற்றை முதன்முதலாக அறிந்துகொண்டது அந்த விதியால்தான். விசைப்படகுகள் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் கடலுக்குப் போகாமல் இருப்பது காற்றுக்காக அல்ல. அது கிழக்குக் கரை முழுவதற்கும் உரிய மீன் இனப்பெருக்கத் தடைக்காலம்.

1964 போன்ற புயல் மீண்டும் வரக்கூடுமா?

வரக்கூடும். அந்தப் புயல் அந்தமானுக்குத் தெற்கே உருவாகி, 1964 டிசம்பர் 22 அன்று இலங்கையை வவுனியா வழியாகக் கடந்தது. இலங்கையின் நிலம் புயலை அடக்கிவிடும் என்ற பொதுவிதி அன்று பலிக்கவில்லை. ஆழமற்ற பாக் நீரிணையில் காற்று தள்ளிய நீருக்குக் கீழே இறங்கவோ பக்கவாட்டில் விலகவோ இடமில்லாததால், அது சுவராக எழுந்து 22ஆம் தேதி நள்ளிரவில் தனுஷ்கோடியை மூடியது. பாம்பனிலிருந்து சென்ற பயணிகள் ரயில் அதிலிருந்த அனைவருடனும் அழிந்தது. துறைமுகம், ரயில் நிலையம், தேவாலயம், வீடுகள் எல்லாம் போயின. வாழத் தகுதியற்ற இடம் என்று அரசு அறிவித்தது. பாம்பன் பாலத்தின் இரும்புத் தூலங்களில் பெரும்பாலானவற்றைக் கடல் கொண்டுபோக, பின்னாளில் பெரும்புகழ் பெற்ற பொறியாளர் இ. ஸ்ரீதரனின் பொறுப்பில் 46 நாள்களில் பாலம் சீர்செய்யப்பட்டது.

பாக் நீரிணையின் ஆழம் அன்றிருந்ததுதான் இன்றும். ஆகவே கடல் எழும் தன்மையும் மாறவில்லை. மாறியிருப்பது முன்னறிவிப்பு. அன்று தனுஷ்கோடி மக்களுக்குக் கிடைக்காத பல நாள் அவகாசம் இன்று செயற்கைக்கோள்களால் கிடைக்கிறது. அந்த அவகாசத்தைப் பயன்படுத்த மறுத்து, எச்சரிக்கைக்குப் பின்னும் கரையோரக் குடிசையில் தங்குவதற்கு எந்தக் காரணமும் போதுமானதல்ல என்று இங்கே அழுத்தமாகப் பதிவு செய்கிறோம்.

பாம்பனில் ஏற்றப்படும் புயல் எச்சரிக்கைக் கூண்டுகளின் எண்களுக்கு என்ன பொருள்?

ஒன்றும் இரண்டும் தொலைவைக் குறிப்பவை: கடலில் வெகுதூரத்தில் தாழ்வு மண்டலமோ புயலோ உருவாகியிருக்கிறது, துறைமுகத்துக்கு உடனடி ஆபத்தில்லை, ஆனால் புறப்படும் கப்பல்கள் கவனமாக இருக்க வேண்டும். மூன்றும் நான்கும் துறைமுகத்தில் பலத்த காற்று வீசக்கூடும் என்று உள்ளூருக்குச் சொல்லும் எச்சரிக்கைகள். ஐந்து, ஆறு, ஏழு ஆபத்தையும், எட்டு, ஒன்பது, பத்து பேராபத்தையும் குறிக்கின்றன. ஒவ்வொரு மூன்றிலும் உள்ள வேறுபாடு புயல் துறைமுகத்தை எந்தப் பக்கமாகக் கடக்கும், அல்லது நேராக மேலேயே வருமா என்பதைப் பொறுத்தது. ஆகவே ஐந்தைவிட ஆறு கொடியது என்று எண்ணக் கூடாது. பதினொன்று, எச்சரிக்கை மையத்துடன் தொடர்பே அறுந்துவிட்டது என்பதைக் குறிக்கும்.

காற்றும் மழையும் இல்லாத நாளில் கடல் திடீரென்று ஊருக்குள் வருவது ஏன்?

மீனவர்கள் கள்ளக்கடல் என்று சொல்லும் நிகழ்வு அது. இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் வீசும் பெரும் புயற்காற்று எழுப்பும் நீண்ட அலைகள், பல நாள்கள் பயணம் செய்து, இங்கே வானம் தெளிந்திருக்கும் நேரத்தில் கரையை ஏறுகின்றன. சித்திரை, வைகாசி மாதங்களில் தென்கடல் கரையில் இதற்கு வாய்ப்பு அதிகம். ஐதராபாத்திலுள்ள இன்காய்ஸ் கடல் தகவல் மையம் இதற்கெனத் தனி எச்சரிக்கை வெளியிடுகிறது.

வானம் பார்த்த பூமியில் விவசாயம் எந்த மாதக் கணக்கில் நடக்கிறது?

காவிரிப் படுகையில் தண்ணீர் வந்தபின் நாற்றங்கால் போடுவார்கள். இங்கே மழை வருமுன்பே விதைக்கிறார்கள். கோடை மழையில் ஓரிரு முறை உழுது போட்ட நிலத்தில், ஆவணியிலும் புரட்டாசியிலும் காய்ந்த புழுதியிலேயே நெல்லை விதைத்துவிடுவது இம்மாவட்டத்தின் முறை. முதல் மழையில் முளைத்து, ஒரு மாதத்துக்கு மேல் மானாவாரிப் பயிராகவே வளர்ந்து, ஐப்பசி மழையில் கண்மாய் பெருகியபின் நன்செய்ப் பயிராக மாறி, தையில் அறுவடைக்கு வரும். பெய்யும் ஒவ்வொரு துளியையும் முதல் நாளிலிருந்தே பயன்படுத்திக்கொள்ளும் இந்த முறையை, இந்த வானத்துக்கு ஏற்ற மிகச் சிறந்த அறிவு என்றே மதிக்க வேண்டும்.

இதில் இரண்டு இடங்களில் பயிர் தவறக்கூடும். புரட்டாசியில் ஒரு மழை பெய்து முளைத்தபின் மூன்று வாரம் வானம் வெளுத்துவிட்டால் முளை கருகி, மறு விதைப்புக்குச் செலவாகும். மார்கழியில் கதிர் வாங்கும் நேரத்தில் கண்மாய் வற்றினால் நெல் பால் பிடிக்காமல் சாவியாகிவிடும். கடைசி ஒரு தண்ணீருக்காகக் கண்மாயின் அடிமட்ட நீரை எண்ணெய் எஞ்சின் வைத்து இறைக்கும் காட்சியைப் பெரும்பாலான ஆண்டுகளில் இங்கே காணலாம். இவற்றுக்கு மாறான கேடும் உண்டு: 2021 ஜனவரியில் பருவம் விலகாமல் நீண்டு பெய்த மழையில், அறுவடைக்கு நின்ற நெல் வயலிலேயே சாய்ந்து முளைத்தது, மிளகாயும் அழுகியது.

மிளகாய் இம்மாவட்டத்தின் இன்னொரு உயிர்நாடி. 2023இல் புவிசார் குறியீடு பெற்ற ராமநாதபுரம் முண்டு மிளகாய், வடகிழக்குப் பருவ மழையில் வளர்ந்து, தை கடைசி முதல் பழமாகி, மாசி, பங்குனி வெயிலில் களத்தில் காய்கிறது. அந்த வேளையில் எதிர்பாராத ஒரு மழை போதும், நிறம் மங்கி விலை பாதியாகும். நெல்லுக்கு வேண்டிய மழை மிளகாய்க்கு ஆகாது. இரண்டையும் வைத்திருக்கும் குடும்பம் ஒரே வானத்தை இரண்டு மனத்தோடு பார்க்கிறது. பயிர்க் காப்பீட்டுக்கான கடைசி நாள் வழக்கமாக நவம்பர் நடுவில், அதாவது மழையின் போக்கு முழுதாகத் தெரியும் முன்பே வந்துவிடும் என்பதால், புதிதாகப் பயிர் வைப்பவர்கள் அதைத் தள்ளிப்போடக் கூடாது.

கண்மாய்களுக்கும் வானிலைக்கும் என்ன தொடர்பு?

மூன்று மாத மழையை ஓராண்டுக்கு நீட்டிக்க இந்நிலத்தில் வேறு வழி இல்லை. சரிவு மிகக் குறைவாக இருப்பதால், நிலத்தின் குறுக்கே நீண்ட மண்கரை எழுப்பி, வரத்துக்கால்கள் வழியே மழைநீரைச் சேர்த்து, மடைகள் வழியே வயலுக்கு விட்டு, மிஞ்சியதைக் கலுங்கு வழியே அடுத்த கண்மாய்க்கு அனுப்பும் சங்கிலியை முன்னோர் அமைத்தார்கள். நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடைக் கண்மாய் என்று பெயர்பெற்ற ஆர்.எஸ். மங்கலம் பெரிய கண்மாய் அவற்றுள் தலையானது. வருசநாட்டு மலையில் பிறக்கும் வைகையும் இங்கே ஆறாக முடிவதில்லை; பார்த்திபனூர் மதகணையில் கால்வாய்களாகப் பிரிந்து, ராமநாதபுரம் பெரிய கண்மாயில் சேர்ந்து, மிகுந்த நீர் மட்டுமே ஆற்றங்கரை என்னும் ஊரருகே கடலைத் தொடுகிறது. பழைய பாசனப் பங்கில் ராமநாதபுரத்துக்கு ஏழு, சிவகங்கைக்கு மூன்று, மதுரைக்கு இரண்டு என்ற விகிதம் உண்டு. மேற்கே தேனி, மதுரை மலைகளில் பெய்யும் மழையையும் இங்குள்ளவர்கள் அக்கறையோடு கேட்பது அதனால்தான்.

கண்மாயின் பலவீனம் அதன் ஆழமின்மை. பரந்து நிற்கும் நீரை வெயில் விரைவில் குடித்துவிடும். வண்டல் ஏறினால் கொள்ளளவு இன்னும் குறையும். ஆகவே ஒரு கண்மாயின் வரத்துக்கால் அடைபட்டால், அந்த ஊருக்கு மழை பொய்த்ததற்கும் அதற்கும் விளைவில் வேறுபாடில்லை. வானத்தைக் குறை சொல்லும் முன் வாய்க்காலைப் பார்க்க வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து.

மழை எப்படி என்று அறியச் சித்திரங்குடி, காஞ்சிரங்குளம், தேர்த்தங்கல், சக்கரக்கோட்டை ஆகிய பறவைச் சரணாலயக் கண்மாய்களையும் பார்க்கலாம். தண்ணீர் பெருகிய ஆண்டுகளில் நாரைகளும் கூழைக்கடாக்களும் வந்து கருவேல மரங்களில் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும். கண்மாய் நிரம்பாத ஆண்டில் மரங்கள் வெறுமையாக நிற்கும்.

கடலுக்கு நடுவே உள்ள தீவில் நல்ல தண்ணீர் எப்படிக் கிடைக்கிறது?

மணலில் இறங்கிய மழைநீர், அடியில் உள்ள உப்புநீரைவிட எடை குறைந்ததாகையால் அதன்மேல் மெல்லிய படலமாக மிதந்து நிற்கிறது. தனுஷ்கோடியில் சில அடி ஆழத்துக்கு மணலைத் தோண்டி ஊறும் நீரைப் பெண்கள் முகந்து எடுப்பது இந்தப் படலத்திலிருந்துதான். மின் மோட்டார் வைத்து ஆழத்திலிருந்து உறிஞ்சினால் கீழிருக்கும் உப்புநீர் மேலேறி ஊற்று கெட்டுவிடும். கெட்டது சீராக நல்ல மழை பெய்யும் ஆண்டுகள் வேண்டும். உள்நாட்டு ஊர்களில் இந்த வேலையை ஊருணிகள் செய்தன. காவிரிக் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தபின் பல ஊருணிகள் கவனிப்பாரின்றிப் போனது வருந்தத்தக்கது.

சீமைக் கருவேலம் மழையைத் தடுக்கிறதா?

தடுப்பதில்லை. இங்கே மழையைத் தீர்மானிப்பது வங்கக் கடலின் வெப்பமும், பருவக்காற்றின் போக்கும், மலையும் இலங்கையும் நிற்கும் இடமும்தான். மேகத்தைக் கலைக்கும் ஆற்றல் ஒரு மரத்துக்கு இல்லை. ஆனால் பெய்த மழைக்கு அது செய்யும் கேடு உண்மையானது: வரத்துக்கால்களையும் கண்மாய் உள்வாயையும் அடைத்து நீர்வரத்தை மறிக்கிறது, ஆழ வேரால் நிலத்தடி நீரை எடுக்கிறது, மற்ற செடிகளை வளர விடுவதில்லை. 2017இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதை அகற்ற உத்தரவிட்டபோது எழுந்த விவாதத்தில் இன்னொரு பக்கமும் வெளிப்பட்டது. மழை பொய்த்த ஆண்டுகளில் அதை வெட்டிக் கரிமூட்டம் போட்டே பிழைக்கும் குடும்பங்கள் ஏராளம். நீர்நிலைகளில் முதலில் அகற்றுவது, தரிசு நிலத்தில் மாற்றுப் பயிர் வந்தபின் அகற்றுவது என்ற வரிசை நியாயமானது.

வானிலை மாறிவருகிறதா?

ஓரிரு ஆண்டை வைத்துச் சொல்ல முடியாது. 2016 அக்டோபர் முதல் டிசம்பர் வரை தமிழகத்துக்கு இயல்பான 44 சென்டிமீட்டருக்குப் பதில் 17 சென்டிமீட்டரே கிடைத்தது. ஆனால் வறட்சி இங்கே புதிதல்ல. ஐயத்துக்கு இடமின்றித் தெரியும் மாற்றம் கடலின் வெப்பத்தில்தான். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றியுள்ள பவளப் பாறைகள், கோடையில் நீர் வெப்பம் 30 டிகிரியைத் தாண்டி நீடிக்கும்போது வெளுக்கின்றன. 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் இது கடுமையாக நிகழ்ந்து, 2016இல் பவளங்களில் ஒரு பகுதி மாண்டது. வெப்பமான கடல் காற்றுக்கு அதிக ஈரத்தைத் தருவதால், குறைந்த நேரத்தில் பெருமழை கொட்டும் வாய்ப்பும் கூடுகிறது. அண்டை மாவட்டமான தூத்துக்குடியின் காயல்பட்டினத்தில் 2023 டிசம்பரில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை பதிவானது. அத்தகைய மழை நூறு கிலோமீட்டர் வடக்கே தள்ளிப் பெய்தால் நம் கண்மாய்க் கரைகள் தாங்குமா என்று இப்போதே சோதித்துப் பார்ப்பது பொறுப்பான செயல்.

மின்னலிலிருந்து எப்படித் தப்புவது?

சித்திரை, வைகாசியிலும் ஆவணி முதல் ஐப்பசி வரையிலும் இடி அதிகம். வெட்டவெளியில் உயர்ந்து நிற்பது பெரும்பாலும் பனைமரமே என்பதால், ஆடு மேய்ப்பவர்களும் களை எடுப்பவர்களும் அதனடியில் ஒதுங்கவே கூடாது. முதல் இடி கேட்டவுடன் கட்டடத்துக்குள் போய்விட வேண்டும்.

வெளியூரிலிருந்து வருபவர்களுக்கு ஏற்ற காலம் எது?

ஜனவரி முதல் மார்ச் தொடக்கம் வரை. மழை ஓய்ந்திருக்கும், வெயில் ஏறியிருக்காது, கண்மாய்களில் பறவைகளும் கோதண்டராமர் கோயில் பக்கத்துக் கழிமுகங்களில் பூநாரைகளும் இருக்கும். ஆடி அமாவாசைக்கு வருபவர்கள் பலத்த காற்றையும், பறக்கும் மணலையும் எதிர்பார்த்து வர வேண்டும். நவம்பரிலும் டிசம்பரிலும் வருவதாக இருந்தால் பயணத்துக்கு முந்தைய நாள் வானிலை அறிவிப்பைப் பார்ப்பது அவசியம். அரிச்சல்முனைக்குச் செல்லும் சாலை கடல் சீற்றத்தின்போது மூடப்படும். அறிவிப்பில் கனமழை என்றால் 7 முதல் 11 சென்டிமீட்டர், மிக கனமழை என்றால் 12 முதல் 20, அதி கனமழை என்றால் அதற்கும் மேல் என்று பொருள். வெளியாகும் மழையளவு, முதல் நாள் காலை 8.30 மணி முதல் அன்று காலை 8.30 மணி வரை பெய்ததன் கணக்கு.